ஒவ்வாமை: இல்லை

எனக்குக் காலையில் டீ சூடாக இருந்தால் போதும், சார். மற்றபடி யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஆள் நான். மருத்துவமனையின் கணினி அறையில் பதினோரு வருடமாக நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

தினமும் காலையில் தரவுத்தளம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருந்தால்தான் நகல் எடுக்கும். ஒரு நாள் சிவப்பில் எச்சரிக்கை வந்தது: சில பக்கங்கள் சிதைந்திருக்கின்றன, நகல் எடுக்கவில்லை. மறுநாளும் அதே பல்லவி. நச்சரிப்பு தாங்காமல் எச்சரிக்கையை நிறுத்திவைத்தேன். அப்புறம் பார்க்கலாம் என்றுதான். மூன்று மாதம் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை எல்லாத் திரைகளும் உறைந்தன. வரிசை வாசலைத் தாண்டியது. கண்காணிப்பாளர் என் கதவருகே வந்து நின்றார்.

"எவ்வளவு நேரம்பா ஆகும்?"

"அரை மணி நேரம் சார்."

இழுப்பறையில் பழைய நகல் வட்டு இருந்தது. அதிலிருந்து மீட்பதுதான் முறை. ஆனால் அப்படிச் செய்தால் மூன்று மாதமாக நகலே இல்லை என்ற குட்டு உடைந்துவிடும். சிதைந்த பக்கங்களை மொத்தமாக வெட்டிவிட்டேன். இருபத்தைந்தே நிமிடம். கைதட்டினார்கள்.

வெட்டியதில் முந்நூற்றுப் பதினோரு பேரின் ஒவ்வாமைக் குறிப்புகள் போய்விட்டன. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் டாக்டரால் மருந்து எழுத முடியாது. உடனே எனக்குப் போன் வரும். அதனால் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று நிரப்பினேன். பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

ஒன்பதாம் நாள், கால் புண்ணோடு வந்த தையல்கார அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

பதிவு மேசையில் இருக்கும் அக்கா என் அறைக்கு ஓடிவந்தார்.

"தம்பி, அந்தம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு போன வருஷம் நானே பதிஞ்சேன்பா!"

"திரையில 'இல்லை'ன்னுதானே இருக்குக்கா. அவசரத்துல மாத்திப் போட்டிருப்பீங்க."

"அப்படியும் இருக்குமோ?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விசாரணையிலும் அதையே சொன்னார். வேலை போயிற்று. கிளம்பும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தண்ணீர் கொடுத்து, ஆறுதலாக நாலு வார்த்தை பேசியிருந்தேன்.

அந்தம்மா இறந்த அன்று மதியமே பழைய வட்டை உடைத்துக் குப்பையில் போட்டிருந்தேன். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் அதில் மட்டும்தான் இருந்தது. ஆமாம் இன்ஸ்பெக்டர் சார், எல்லாம் நான் செய்ததுதான்.

மீதி முந்நூற்றுப் பத்துப் பேருக்கும் தகவல் சொல்லியாயிற்றா என்று கேட்கிறீர்கள். நன்றாக இருப்பவர்களை எதற்கு சார் வீணாகப் பயமுறுத்துவது?