ஒரு பேச்சுக்கு

அதை மடிச்சு அப்படியே எடுத்துட்டுப் போயிடுங்க மேனேஜர் சார், நான் போட மாட்டேன். அழகாத்தான் இருக்கு, இல்லேங்கல. நல்ல பளபளப்பு. யார் எடுத்தது, முதலாளியம்மாவா? உள்பக்கம் ஒரு தடவை கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்க அவங்களை. ஜிகினா தச்ச நூல் அத்தனையும் முடிச்சு முடிச்சா உள்ள நிக்குது. எந்தத் துணி கடிக்குது, எது கடிக்கலன்னு சொல்றதுக்குன்னே சம்பளம் குடுத்து ஒருத்தியை வச்சிருக்கீங்க. அவ மேடை ஏறறதுக்கு இதைக் கொண்டாந்து குடுக்கறீங்க. உங்களுக்கே சிரிப்பு வரல?

வரல. சரி.

உக்காருங்க. நீங்க நின்னா எனக்குப் பேச வராது. முகத்தைப் பாக்காமப் பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து எனக்குப் பயிற்சி குடுத்தீங்களே, எதிராளி கண்ணைப் பாக்கக் கஷ்டமா இருந்தா ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாருங்கன்னு. பாத்தேன். விடாமப் பாத்தேன். நம்ம கணக்காளர் நெத்தியில என்னமோ ஒட்டியிருக்குன்னு நெனைச்சு, என்னைக் கண்டாலே துடைச்சுக்க ஆரம்பிச்சுட்டாரு. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்.

விழா ஆரம்பிச்சா என்ன சார், ஆரம்பிக்கட்டும். முதலாளி மைக்கைப் பிடிச்சா லேசுல விடறவரா? என் பேர் கடைசியில. உக்காருங்க.

மேடையில படிக்கறதுக்கு நீங்க எழுதிவச்சதைப் பாத்தேன். இவர் ஒரு துணியைத் தொட்டாலே போதும், அதன் குற்றம் தெரிந்துவிடும், இது இவருக்குக் கிடைத்த வரம். வரமாம். சாப்பாட்டு ரூம் சுவத்துல என் படத்தைப் போட்டு இன்னொண்ணு எழுதியிருக்கீங்க, குறையைப் பலமாக மாற்றிய நம் சகோதரின்னு. யார் சார் மாத்தினது? எப்ப மாத்தினீங்க? நான் இங்கேயேதானே இருந்தேன், எனக்குத் தெரியாம எப்படி மாறுச்சு?

ஒண்ணும் மாறல சார். கைக்குழந்தை சட்டையைக் கொண்டாந்து குடுக்கறீங்க. கழுத்துல ஒண்ணு, முழங்கை மடிப்புல ஒண்ணு, வச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். தையல் மோசமா இருந்தா வலிக்குது. உங்களுக்கு உறுத்தறது எனக்கு வலிக்குது. சின்ன வயசுல எப்படி வலிச்சுதோ அப்படியேதான் வலிக்குது. அன்னிக்கு அதுக்குப் பேரு திமிரு. இன்னிக்கு வரம். என் வலிக்குப் பேரை மாத்தி வச்சுட்டு, என்னையே மாத்திட்டதா சுவத்துல ஒட்டியிருக்கீங்க.

இல்ல, இருங்க. வேலை பிடிக்காமச் சொல்லல. பிடிக்கும். தையல்ல இருந்தப்ப எல்லாரும் தொட்டாச்சிணுங்கின்னு கூப்பிடுவாங்க, அப்புறம் அதையும் சுருக்கிச் சிணுங்கின்னாங்க. மிஷினை நிறுத்தி நிறுத்திக் கழுத்தைச் சொறியறேன்னு சூப்பர்வைசரம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. நீங்கதான் வந்து என்னம்மா உறுத்துதுன்னு கேட்டீங்க. காட்டினேன். நீங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சட்டையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, ஆமான்னீங்க. அந்த ஒரு ஆமாவுக்குத்தான் சார் இத்தனை வருஷம் உழைச்சேன். என் தோல் சொன்னதை முதமுதல்ல நம்பின ஆளு நீங்க. அதனாலதான் இவ்வளவு கோவம். வேற யாராவதா இருந்தா ரெண்டு வார்த்தையோட விட்டிருப்பேன்.

அம்மா நம்பல. அம்மாவைச் சொல்லிக் குத்தமில்ல, வாங்கிக் குடுத்த நல்ல துணியை ஒரு குழந்தை விருந்தாளிங்க முன்னாடி அவுத்து எறிஞ்சா யாருக்குத்தான் கோவம் வராது? ஊர்ல எந்தப் பொண்ணும் போடாததையாடி உனக்குப் போட்டேன்னு கேட்டுக்கிட்டே அடிப்பாங்க. அடங்காப்பிடாரின்னுதான் வீட்டுல பேரு. பேச்சும் எனக்கு லேட்டாத்தான் வந்துச்சு. கழுத்துல குத்துதுன்னு சொல்லத் தெரியாது, அலறத்தான் தெரியும். அலறினா அடி. அடிச்சா இன்னும் அலறல். என் அக்காதான் ஒரு நாள் பிளேடால சட்டை லேபிளைப் பிரிச்சு எடுத்துட்டு, உள்வெளியா மாத்தி எனக்குப் போட்டுவிட்டா. அன்னிக்குப் பூரா நான் அழலையாம். லேபிளைக் கிழிச்சதுக்கு அவளுக்கும் சேத்து விழுந்துச்சு.

பெரிய பொம்பளை ஆனப்புறம்தான் டாக்டர் இதுக்கு ஆட்டிசம்னு ஒரு பேரு சொன்னாரு. அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ஊசி போட்டாச் சரியாயிடுமான்னு கேட்டாங்க. இது வியாதி இல்லம்மா, இவங்க பொறந்ததே இப்படித்தான், வேணும்னு பண்ணலன்னாரு டாக்டர். அப்ப நான் அடிச்சதெல்லாம்னாங்க அம்மா. டாக்டர் மேஜை மேல இருந்த பேனாவை எடுத்து மூடிட்டாரு.

தண்ணி வேணுமா சார்? வேணாமா. எந்திரிக்காதீங்க, முக்கியமானதுக்கு இப்பத்தான் வரேன்.

போன வருஷ விழாவுல முதலாளி என்ன சொன்னாரு? நாமெல்லாம் ஒரே குடும்பம், எதுவா இருந்தாலும் என்கிட்ட வெளிப்படையாக் கேளுங்கன்னாரு. நான் கையைத் தூக்கினேன். குடும்பம்னா, தையல்காரங்க கக்கூஸுக்குப் போக மட்டும் சூப்பர்வைசர்கிட்ட ஏன் சாவி கேட்டு நிக்கணும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. சாவி மட்டும் இன்னும் அங்கேயேதான் தொங்குது. கீழ இறங்கினதும் நீங்க என்னை ஓரமாக் கூப்பிட்டு, அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மான்னீங்க. எனக்கு இது பெரிய பாடம் சார். அன்னிலேருந்து யார் எதைச் சொன்னாலும், இது நெசமாவா, ஒரு பேச்சுக்கான்னு உள்ளுக்குள்ள கேட்டுக்கறேன்.

வாங்கற கம்பெனிக்காரங்க வந்தப்ப, இந்த அம்மா சிவப்புச் சீட்டுக் கட்டிட்டா நானே நெனைச்சாலும் அந்தச் சரக்கை அனுப்ப முடியாதுன்னு என் தோள்ல கை போடப் போனாரே முதலாளி, நான் நகந்துட்டேனே, அன்னிக்குச் சொன்னதை நெசம்னு நெனைச்சேன். நீங்களும் தலையாட்டினீங்களேன்னு நெனைச்சேன்.

இப்ப அனுப்பற இந்த லாட்டுச் சரக்குல நான் சிவப்புச் சீட்டுக் கட்டினேனா இல்லையா? ராத்திரி போட்டுத் தூங்கவைக்கற சட்டை. பொறந்த குழந்தைக்கு. பின்கழுத்து லேபிளைப் பஞ்சு நூல்ல தைக்காம, கண்ணாடி மாதிரி இருக்கற நைலான் நூல்ல தச்சிருக்கீங்க. வெள்ளைத் துணி, கலர்த் துணி எல்லாத்துக்கும் ஒரே நூல் போதும், நூல்கண்டை மாத்தற வேலை மிச்சம். எல்லாம் சரி. ஆனா நறுக்கின நுனி விறைச்சுக்கிட்டு நிக்குது சார், மீசை முடி மாதிரி. தொவைச்சாலும் மடியாது. உங்களுக்கும் எனக்கும் கழுத்துன்னு ஒண்ணு வெளியில இருக்கு, குனிஞ்சா நிமிந்தா தப்பிச்சுக்கும். அதுங்களுக்குக் கழுத்தே கிடையாது, மடிப்புதான். மல்லாக்கப் படுக்கப் போட்டா ராத்திரி பூரா அது மேலேயேதான் படுத்திருக்கும்.

அழும். பசின்னு நெனைப்பாங்க. பால் குடுப்பாங்க, துப்பும். வயித்து வலின்னு மருந்து ஊத்துவாங்க. தூக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு நாள் பெத்தவளே ஒண்ணு வைப்பா. வைக்க மாட்டாங்கறீங்களா? எங்கம்மா கெட்டவங்க இல்ல சார்.

இன்னிக்குக் காலையில வரும்போதே பாத்தேன், லாரி நிக்குது, பெட்டி பெட்டியா ஏத்தறாங்க. என் சீட்டையெல்லாம் அவுத்துக் கூடையில போட்டிருக்கு. உங்ககிட்ட ஓடி வந்து கேட்டேன். இன்னிக்கு இந்தக் கப்பலை விட்டா இன்னும் பத்து நாளாகும்மா, அடுத்த லாட்டுல பாத்துக்கலாம்னீங்க. சட்டையைக் கையில எடுத்துக்கூடப் பாக்கல. கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்துச்சு. சொல்லிட்டு, மறக்காம மூணு மணிக்கு மேடைக்கு வந்துடுங்கன்னு சிரிச்சீங்க பாருங்க. எங்கம்மா அடிச்சது பரவால்ல. அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பறவங்களுக்கு என்ன பேரு சார்? அதையும் ஒரு வார்த்தையில எழுதிச் சுவத்துல ஒட்டுங்க, படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்.

மேடைக்கு வரேன். வரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. இந்த ஜிகினாவைத்தான் போட மாட்டேன்னேன். உடுத்தியிருக்கறதோட வரேன். எழுதிக் குடுத்ததைப் படிக்கச் சொன்னா படிக்கறேன். இப்ப எந்தக் கவலையும் இல்ல.

ஏன்னா, நீங்க உள்ள நுழைஞ்சதுலேருந்து உங்க போன் வெளியில தட்டுல கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தம் எனக்கு ஆகாதுன்னு, இந்த ரூமுக்குள்ள போன் கொண்டாரக்கூடாது, யாரும் கதவைத் தட்டக்கூடாதுன்னு எனக்காக எழுதி மாட்டினது நீங்கதான். கதவு கனமானது, உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுது. கேட்டுல இருக்கற காவல்காரரு சொன்ன சொல்லு மாறாதவரு. நான் சிவப்புச் சீட்டுக் கட்டின லாட்டு நம்பர் அவரு நோட்டுல இருக்கு, சீட்டை அவுத்தாலும் உங்க குரலைக் கேக்காம லாரியை வெளிய விட மாட்டாரு. எங்கம்மா கதையைச் சொல்லிட்டிருந்தப்ப ரொம்ப நேரம் அடிச்சுது. ஒரு பொம்பளை தன் கஷ்டத்தைச் சொல்லும்போது பாதியில எந்திரிச்சுப் போக உங்களுக்கு மனசு வரல. அது உங்க பலமா குறையான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

இப்ப நின்னுடுச்சு. லாரி பின்னால எடுத்துக்கிட்டு குடோனுக்குத் திரும்பற சத்தம் கேக்குது. இனிமே போனாலும் துறைமுகத்துல கப்பலுக்குச் சரக்கு வாங்கறதை மூடியிருப்பாங்க. பத்து நாள் இருக்கு, லேபிளைப் பிரிச்சுட்டுப் பஞ்சு நூல்ல தச்சுடலாம், நானும் வந்து உக்காந்து பிரிக்கறேன்.

மெதுவாப் போங்க சார். கதவைப் பட்டுன்னு சாத்தாதீங்க.