நெடுவரப்புக்கு வந்த பஸ்

சாயங்காலம் ஆறரை. ஜீயபுரத்துக்கு மேற்கே, காவிரிக்கரையை விட்டு உள்ளே போகும் மண்சாலை. இரண்டு பக்கமும் வாழை. காற்றில்லை... இலை மட்டும் ஆடியது.

கிட்டே வந்து உட்காருங்கள். இரண்டாம் முறை சொல்ல மாட்டேன். எனக்கு நடந்ததில்லை. என்னோடு நைட் ஷிப்ட் பார்த்த தர்மராஜின் பெரியப்பா மருதைக்கு நடந்தது.

மருதையின் ஊர் நெடுவரப்பு. பஸ் கிடையாது. நோய் கண்டவர்களைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு ஜீயபுரம் வரை தூக்க வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே போனார்கள். மருதையின் அப்பா ரங்கசாமியும் அப்படித்தான் போனார். மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்நூறு பேர் இல்லாத ஊருக்குப் பஸ் விட முடியாது என்று திருச்சியில் ஒரு அதிகாரி சொல்லிவிட்டார்.

அறுபத்தொன்றில் ஜனத்தொகை எடுக்க ஆள் வந்தான். ஊரில் ஐந்நூறு தேறாது. யோசனை சொன்னவர் மருதை. செத்தவர்களையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் மட்டும் பயந்தாள்.

"பேரு குடுத்தா என்ன, வந்து சோறா கேக்கப் போறாங்க?" என்றார் மருதை.

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வீடு செத்தவர்கள் உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். மருதை தன் அப்பாவுக்கு வயதைக்கூடச் சரியாகக் கூட்டிச் சொன்னார்.

மறு வருஷம் பஸ் வந்தது. வாழைமரம் கட்டி வரவேற்றார்கள். சாயங்காலம் ஊருக்கு வந்து திருச்சிக்குத் திரும்பிப் போகும்.

ஐப்பசியில் மருதையின் மனைவி அமிர்தத்துக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள்.

பஸ் சுடுகாட்டு முனையில் சற்று நின்றுவிட்டு வந்தது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து... பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு வந்தது. உள்ளே விளக்கு இல்லை. படிக்கட்டு வரை ஆள். பேச்சில்லை, இருமல் இல்லை. எரிந்த வறட்டி வாசனை.

"எடமில்லிங்க," என்றார் கண்டக்டர். முகத்தைக் காட்டவில்லை.

மருதை ஜன்னலைப் பிடித்து எட்டிப் பார்த்தார். ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வைத்த காசு அப்படியே ஒட்டியிருந்தது.

"அப்பா... எந்திரிங்கப்பா. அமிர்தம் உக்காரட்டும்."

அவர் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நீதானடா என்னையச் சேத்த."

விசில் சத்தம். பஸ் போய்விட்டது.

நான்கு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜீயபுரம் போய்விட்டால் வேறு வண்டி பிடிக்கலாம். அமிர்தம் முதலில் கத்தினாள்... பிறகு முனகினாள்... வாய்க்கால் மதகைத் தாண்டும்போது சத்தம் நின்றது. கட்டிலை இறக்கினார்கள். மருதை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். வயிற்றில் காதை வைத்துப் பார்த்தார்.

ஒன்றுமில்லை.

தலையைத் தூக்கினால்... சாலையில் கொஞ்ச தூரத்தில் அதே பஸ். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.

கண்டக்டர் இறங்கி வந்தார்.

"இப்ப ஏத்துங்க. ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

ஜன்னலோரத்தில் ரங்கசாமி நகர்ந்து உட்கார்ந்தார்.