செடெனாக்கில் ராணுவம் இல்லை

கல்யாண மண்டபத்தில் பட்டம் வாங்கியவர்கள் உட்காரும் நாற்காலிக்கு மட்டும் தங்கநிற ரிப்பன் கட்டியிருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த ரிப்பனை அவிழ்ப்பதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் என் பத்தி வரும். கூலாய் ஊரில் பலர் பசியாறும்போது அதைப் படித்துச் சிரிப்பார்கள். யாரையும் நான் காயப்படுத்தியதில்லை. காற்றை மட்டும் இறக்கிவிடுவேன்.

'டாக்டர்' ஐயாசாமியிடம் காற்று நிறைய இருந்தது. தபாலில் வந்த டாக்டர் பட்டம். வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களைத் தூக்கிப்போகிறார்கள், ராணுவம் அதற்கு லாரியும் ஆளும் கொடுக்கிறது என்று மண்டபம் எடுத்துப் பேசுவார். ஆதாரம் கேட்டால் ஸ்டானிஸ்லாஸை எழுப்பி நிறுத்துவார்.

ஸ்டானிஸ்லாஸ் செடெனாக் ஊர்க்காரர். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். பச்சை உடைக்காரர்கள் தோட்டத்துக்குள் தன்னை ஒரு வெளிச்சத்திடம் கூட்டிப்போனதாகச் சொல்வார். ரோட்டில் போன ராணுவ லாரி ஒன்றைப் பார்த்திருப்பார், மிச்சத்தைக் கனவு கண்டிருப்பார் என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் ஐயாசாமி மைக்கைப் பிடித்தார்.

"பத்தி எழுதுறவரு கவலப்பட வேணாம்லா. அவரைத் தூக்கிட்டுப் போயி அவங்க என்னத்தப் படிக்கப் போறாங்க?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

என் திட்டம் மிக நியாயமானது. போலி ராணுவத்தை வைத்து ஸ்டானிஸ்லாஸைக் கொஞ்ச நேரம் கடத்துவது. ஐயாசாமி அதை உண்மையென்று முழங்குவார். பிறகு அதே மண்டபத்தில் நான் எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டுவது. பத்து பாகாட் ஊரில் நாடகம் போடும் மணியத்துக்குப் பச்சை உடை பொருத்தமாக இருந்தது. அவன்தான் தயங்கினான்.

"கத்துனாருன்னா என்னண்ணே செய்றது?"

"கத்த மாட்டாரு. பெரட்டுல கூப்புடுற மாதிரி பேரச் சொல்லு. தானா வருவாரு."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெயர் வந்தால் பதில் சொல்ல வேண்டும். காட்டிய மர வரிசைக்கு, அதாவது நிரைக்கு, போக வேண்டும். மறுபடி ஆள் வந்து சொல்லும்வரை அந்த நிரையை விட்டு நகரக்கூடாது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகாது என்று எனக்குத் தெரியும்.

மழை கட்டியிருந்த ஒரு மத்தியானம் மணியம் பெயரைக் கூப்பிட்டான். "இருக்கேங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் தானாகவே வேனில் ஏறினார். முன்சீட்டில் முகமூடியோடு நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"திமோத்தி நல்லாருக்கானாங்கய்யா?"

திமோத்தி அவருடைய ஒரே மகன். சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினவன். மோட்டார் சைக்கிள் மட்டும் ஜொகூர் பாருவில் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மகனையும் பச்சை உடைக்காரர்களே வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டானிஸ்லாஸ் நம்பினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணியம் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

"வருவான். காட்டுற எடத்துல இருங்க. பேரு கூப்புடுவோம்."

செம்பனைத் தோட்டத்துக்குள் வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் ஒன்றின்மேல் அவரை உட்காரவைத்தோம். ஒரு மணி நேரத்தில் அழைத்துப்போவதாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஐயாசாமி நேரலையில் வந்துவிட்டார். ராணுவம் மறுபடி கை வைத்துவிட்டது என்றார். அடுத்த நாள் தேடக் கிளம்பியவர்களை ராணுவ முகாம் வாசலில் நிறுத்திப் பதாகை பிடிக்க வைத்தார். அவ்வளவு பெரிய பலூனை அவசரப்பட்டுக் குத்த எனக்கு மனம் வரவில்லை. மழையும் விடவில்லை. எனக்கு மழையில் கார் ஓட்டப் பிடிக்காது.

மணியம் போன் செய்தபோது, அவரை மறைவாக ஒரு வீட்டில் தங்க வைத்திருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறார் என்றேன்.

இரண்டு ராத்திரி கழித்து, மழை விட்ட காலையில் போனேன். அதே குவியலில் இருந்தார். மட்டைகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார். சர்க்கரை நோயாளி என்பது எனக்கு முன்பே தெரியும். உதடு வெடித்திருந்தது.

"நீங்க... பேப்பர்ல எழுதுறவருதானே?"

"ஆமா."

"அவங்க வந்தா சொல்லுங்க சார், நான் எந்திரிக்கவே இல்லன்னு. பேரு கூப்புட்டா கேக்கணுமேன்னு தூங்கக்கூட இல்ல."

"சொல்றேன்" என்றேன்.

என் கையில் தண்ணீர் போத்தல் இருந்தது. நின்று யோசித்தேன். இவர் வீடு திரும்பினால் என் குரலை எங்கே கேட்டோம் என்று நினைவுக்கு வரும். ஐயாசாமிக்கு என் பத்தியைவிட நல்ல கதை ஒன்று கிடைத்துவிடும். போத்தலை வைத்துவிட்டு வந்தால் என் கைரேகை இருக்கும். அதனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குலை வெட்டப் போனவர்கள் பிறகு அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, இதில் ராணுவமும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவருடைய மனைவி கெர்ட்ரூட் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாரும் ஆர்மி, ஆர்மிங்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் இல்லன்னு எழுதுறீங்க. அப்ப யாரு சார்?"

மைலோ கலக்கிக் கொடுத்தேன். "யாருமில்லம்மா. அவரே போயிருப்பாரு" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். மைலோவைக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு விடியும் நேரத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லிக்கொண்டே எழுந்து நிற்கிறேன். "யாரும் கூப்புடலங்க, படுங்க" என்கிறாள் என் மனைவி தனலெட்சுமி. நான் உட்காருவதில்லை.

மணியம் உங்களிடம் வந்து சொன்னது அத்தனையும் சரி. அவனுக்குத் தெரியாததையும் எழுதிக்கொள்ளுங்கள்: நான் திரும்பிப் போனபோது ஸ்டானிஸ்லாஸ் உயிரோடு இருந்தார். அவரைச் சாகவிட்டு வந்தது நான்.

ஆனால் நான் அவரைக் கட்டிப்போடவில்லை, இன்ஸ்பெக்டர். அங்கே உட்கார்ந்திருந்தால் பெரிய ரோட்டில் லாரி போகும் சத்தம் நன்றாகக் கேட்கும். எழுந்து நடந்திருந்தால் பிழைத்திருப்பார். இப்படி யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர்களைத் திருத்துவதற்காகத்தான் நான் எழுதவே வந்தேன்.