ஜெர்லின் பார்க்காத தங்கக் குச்சி

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் அண்ணன் கிருஷ்ணசாமி அவர்களே! சான்றோர் பெருமக்களே! மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலையையும் விட்டுவிட்டு ஒலக்கூரிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! திண்டிவனத்துத் திருமக்களே! அடியேன் அமலதாஸின் பணிவான வணக்கம்.

தங்கத்தில் கண்ணுக்கெட்டாத குச்சித் துகள் செய்து, டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என் தம்பி மகள் ஜெர்லின். அவளைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அவள் எங்கே? மண்டப வாசலில் நிற்கிறாள். உள்ளே வர மாட்டாளாம். ஏன்? அங்கே தொங்கும் பேனர்! "கருவியில் கண்டாள் கனகத்தின் வடிவம்!" எழுதியவன் யார்? மோனைக்கு மயங்கிய இந்த மூடன்தான்!

"பெரிப்பா, நான் வடிவத்தைப் பாக்கவே இல்ல. பேனரைக் கழட்டினாத்தான் உள்ள வருவேன்" என்றாள், மேடையேறும் முன் நான் போய் அழைத்தபோது.

எனக்குத் தலை சுற்றியது. நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் பதித்தவள் பார்க்கவில்லையா? "அப்போ இன்னாத்தைப் பாத்துக்கினு இருந்தே?" என்றேன்.

"வெறும் புள்ளி பெரிப்பா. ஒரு முடி அகலத்துல ஆயிரம் வைக்கலாம், அவ்ளோ சின்னது. உருண்டையும் புள்ளியாத்தான் தெரியும், குச்சியும் புள்ளியாத்தான் தெரியும்."

உருண்டையும் புள்ளி! குச்சியும் புள்ளி! பிறகு குச்சி என்று யார் வந்து சொன்னது? பின்வரிசைத் தம்பி, உமக்குப் புரிகிறதா? இல்லையா? நல்லது, நானும் உம்முடைய கட்சிதான்!

"ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடற ஒரு தகடு வழியா வெளிச்சத்தை விட்டு, தகட்டைத் திருப்பிக்கினே பாப்பேன். உருண்டைன்னா எப்படித் திருப்பினாலும் புள்ளி மாறாது. குச்சின்னா அதோட நீளவாக்குல வெளிச்சம் அதிர்ந்தா மினுங்கும், குறுக்க அதிர்ந்தா மங்கும். என் புள்ளி மினுங்கி மங்குச்சு. அத வெச்சுத்தான் குச்சின்னு எழுதினேன். கண்ணால பாத்தேன்னு எழுதல. இந்த பேனரைப் பாத்தா, என் ஆய்வைத் திருத்தறவங்க நான் பொய் சொல்லிக்கினு திரியறேன்னு நெனைப்பாங்க."

அவையோரே! இன்னமும் எனக்குப் பாதி புரியவில்லை. தகடு எதற்கு, மங்குவது எதற்கு, ஒன்றும் விளங்கவில்லை! ஆனால் வெட்கம் மட்டும் விளங்குகிறது. முப்பது ஆண்டாக மேடை ஏறுகிறேன். காணாததைக் கண்டேன் என்றேன், கைதட்டினீர்கள்! கேளாததைக் கேட்டேன் என்றேன், மாலை போட்டீர்கள்! இவளும் கண்டேன் என்று சொல்லியிருந்தால் தட்ட மாட்டோமா? கைதட்டக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னே "காணவில்லை" என்று சொல்ல எத்தனை துணிவு வேண்டும்!

பேனர் கட்டிய தம்பி பெரியசாமி, அதை இறக்கப்பா. ஜல்தி! இறக்கியாயிற்றா? அம்மா ஜெர்லின், பெரியப்பன் எழுதியது பிழை. ஊரறியச் சொல்லிவிட்டேன். உள்ளே வா, தாயே!

இதோ, வருகிறாள். முப்பது ஆண்டில் முதன்முறையாக, பேச்சை முடிக்கச் சொல்லி யாரும் துண்டுச்சீட்டு கொடுக்காமலே மைக்கை விடுகிறேன். என் குழப்பத்தையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.