நாலு மணிக்குள் ஒரு பாட்டு

– டார்ச்சை என் முகத்துல அடிக்காதீங்க மாமா, டேஷ்போர்டு ஓட்டைக்குள்ள அடிங்க.

– என்னத்த டார்ச்சு, என்னத்த ஓட்டை. மணி மூணேமுக்கால். தரகர் நாலு மணிக்கு வந்துடுவாரு.

– வரட்டுமே. நாலு மணிக்குள்ள இந்த பாட்டு பிளேயர் பாடினா வண்டி எனக்கு, பாடலேன்னா தரகருக்கு. காலையில நீங்கதான் சொன்னீங்க. உங்க பிள்ளையும் போன்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.

– பாட்டில்லாத டாக்சியில எவன் ஏறுவான்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ உடனே போய் ஒரு பழைய பிளேயரை வாங்கிட்டு வந்து நிப்பேன்னு கண்டேனா?

– வேற என்ன செய்யறது? இருந்த ரேடியோவை, நீங்க ஓட்டறதை விட்ட அன்னிக்கே கழட்டி யாருக்கோ குடுத்துட்டீங்க. நான் லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆகுது.

– அட போம்மா. ரெண்டு கடையில இதுல கையே வெக்க மாட்டேன்னுட்டாங்க. உள்ள ஒயரெல்லாம் சிக்குப் பிடிச்ச தலை மாதிரி கிடக்கு.

– ரெண்டு பொண்ணு பெத்தவளுக்குச் சிக்கு எடுக்கத் தெரியாதா?

– சிக்கு எடுத்தே, சரி. பாடக் காணோமே?

– அதான் புரியல. கறுப்பு ஒயரை வண்டியோட இரும்பு பாடியில சேர்த்தாச்சு. சிவப்பு, சாவி திருப்பினா கரண்ட் வர்ற ஒயரோட சேர்ந்தாச்சு. மஞ்சளுக்கு எப்பவும் கரண்ட் வரணும். காலையில டெஸ்ட் பல்பு வெச்சப்போ இதே ஒயர்ல பளிச்சுனு எரிஞ்சுது. இப்போ செத்துக் கிடக்கு.

– பழைய வண்டிம்மா. அதுக்கும் என் வயசு ஆச்சு. விட்டுடு.

– இருங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஃபியூஸ் பெட்டி ஏன் திறந்திருக்கு? மாமா, ரேடியோ ஃபியூஸ் இருந்த இடம் காலி!

– பூனை கீனை வந்திருக்கும்.

– பூனைக்கு எதுக்கு ஃபியூஸு? வீட்டுக்கு ஒயரிங் பண்ணப் போகுதா? மாமா, நான் சாப்பிடப் போனப்போ வண்டிகிட்ட யார் இருந்தா?

– நான்தான் புடுங்கினேன். போதுமா? சட்டைப் பையில இருக்கு, இந்தா. இருபத்தெட்டு வருஷம் அந்த சீட்ல நான் ஒருத்தன்தான் உக்காந்தேன். கண்ணு மங்குதுன்னு லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டாங்களே, அன்னிக்குக்கூட தாங்கிட்டேன். இன்னிக்கு நீ அந்த சீட்டை முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தே பாரு... வித்துட்டா எங்கேயோ ஓடும், கண்ணுல படாது. வேற ஆள் ஓட்டறதை நான் வாசல்ல நின்னு பாக்கணுமா?

– நான் வேற ஆளா மாமா?

– புடி. மாட்டு.

– வேணாம். இதை மாட்டினா நீங்க பாட வெச்ச மாதிரி ஆயிடும். ஹாரனுக்கும் இதே நீல ஃபியூஸ்தான். அதைக் கழட்டி இங்க போடறேன். குறடைக் குடுங்க.

– என்னத்த சொல்ல! இவ்வளவு ரோஷம் எங்கேருந்து வந்துச்சு உனக்கு?

– எல்லாம் உங்க வீட்டுச் சாப்பாடுதான். நகருங்க, சாவியைத் திருப்பறேன்.

– லைட்டு எரியுது! ஏம்மா, லைட்டு எரியுது!

– எரிஞ்சா போதுமா, பாடணும். ஸ்டேஷன் தேடுது... தேடுது... ஆங்!

– அட! அட அட அட! கூட்டு, சத்தத்தைக் கூட்டு! இரு, பின்னால இடது பக்க ஸ்பீக்கர்லயும் வருதே? அது ஏழு வருஷமா ஊமைம்மா!

– கதவுகிட்ட ஒயர் அறுந்து கிடந்துச்சு. சேர்த்து ஒட்டினேன். இப்போ சாவியை எடுத்துட்டு மறுபடி போடறேன், அதே ஸ்டேஷன் ஞாபகம் இருக்கான்னு பாருங்க. இருக்கு மாமா, இருக்கு!

– எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பாக்கறான். பாக்கட்டும், நல்லா பாக்கட்டும்! இன்னும் கூட்டு!

– இப்போ குடுங்க உங்க ஃபியூஸை. ஹாரனுக்குப் போட்டுடறேன்.

– இந்தாம்மா. அடிச்சுக் காட்டு. ஹா! என்ன குரலு!

– என்ன பெரியவரே, தெருமுனை வரைக்கும் கேக்குது? யாருக்குக் கல்யாணம்?

– தரகர் வந்துட்டாரு மாமா. நாலாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.

– தங்கமான வண்டி பெரியவரே, தங்கம்! பாட்டு வேற போட்டுட்டீங்க. போன வாரம் பேசினதுக்கு மேலயே ஏத்தித் தரேன். வாங்கற ஆளும் தயாரா இருக்கு. சாவியைக் குடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்.

– மாமா...

– நீ இரும்மா. தரகரே, எதுல வந்தீங்க?

– பஸ்லதான். திரும்பும்போது இந்த வண்டியிலயே போயிடலாம்னு வந்தேன்.

– தாராளமாப் போங்க. பின்னால ஏறிக்கிட்டு, எங்க இறங்கணும்னு எங்க டிரைவரம்மாகிட்ட சொல்லுங்க. இது வாடகை வண்டி, விக்கிற வண்டி இல்ல.