வாப்பாவின் அடக்கம்

பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம். நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் துபாயிலிருந்து வந்திருந்த ஒருவரும் பட்டினச்சேரி மீன் வியாபாரி ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வாப்பா மவுத்தானப்ப நான் ஊர்லதாங்க இருந்தேன்."

"அப்புறம் ஏன் பாய் அடக்கத்துக்கு வரலை?"

"காய்ச்சலோட வந்து இறங்குனேன். ஆஸ்பத்திரியில தனியா வச்சிட்டாங்க. கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னு கவர்மெண்டு உத்தரவாம். பெத்த மகன் வாப்பாவுக்காகத் தொழுவுறதைத் தடுக்க நீங்க யாருன்னு டாக்டர்கிட்ட சத்தம் போட்டேன். 'இங்கேயே தொழுவுங்க, அங்க வயசானவங்க நிறைய இருக்காங்க'ன்னாரு. தனியா நின்னு தொழுதேன். கோபம் இன்னும் போகலை."

மீன் வியாபாரி அவர் பக்கம் திரும்பினார்.

"வாப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப நானும் தோள் கொடுத்தேன் பாய்."

"வாப்பா கனமா இருந்தாங்களா?"

"இல்லைங்க. லேசாத்தான் இருந்தாங்க."