கேள்வி நேரம் தேநீருக்குப் பிறகு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அம்மையார் நிர்மலா அவர்களே, அருகே வீற்றிருக்கும் அருள்தந்தை அவர்களே, பள்ளிவாசல் பெரியவர்களே, கருவடிக்குப்பத்திலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பேருந்தேறி வந்திருக்கும் தாய்மார்களே, லாஸ்பேட்டைக் கல்லூரிகளின் மாணவச் செல்வங்களே, பிரியாணி வாசத்தைப் பொறுத்துக்கொண்டு என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளப்போகும் பெருந்தகையாளர்களே, அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

எனக்கு வகுப்பறைதான் பழக்கம், மேடை நடுக்கம். தடுமாறாமல் இருக்க, வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

1. கிறித்தவர்களாகிய நாம் இசுலாத்தை எப்படிப் படித்தோம்.
2. யாரைக் கேட்காமல் படித்தோம்.
3. நம் வாசிப்பு வட்டம் வாடியதற்குக் காரணம், இசுலாமிய நண்பர்கள் நம்மை ஒரு கேள்வியும் கேட்காததே.
4. ஒரு வேண்டுகோள்.

நான்காவதுதான் எனக்கு உயிர். வியாழன்தோறும் விவிலியத்தையும் குர்ஆனையும் கூடி அமர்ந்து படிக்கும் நம் வட்டத்தை மூடிவிட்டு, ஆண்டுக்கொரு நல்லிணக்க விருந்து மட்டும் போதும் என்று இன்று தீர்மானம் வரப்போகிறது. வேண்டாம் என்று கெஞ்சவே வந்திருக்கிறேன்.

என்ன சக்கரபாணி? அரங்கைக் கவனித்துக்கொள்ளும் நம் சக்கரபாணி, "சத்தமா சொல்லுங்க சார், பின்னாடி ஃபேன் சத்தந்தான் கேக்குது" என்கிறார். சரி, மைக்கை நெருக்கி வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

முதலாவது. நாம் படிக்காமலா இருந்தோம்? படித்தோம்! அரபு இலக்கணம் படித்தோம். அந்நாளைய பாதிரிமார் பிரெஞ்சில் எழுதிய தடித்த நூல்களைத் தூசி தட்டிப் படித்தோம். நபிகள் வரலாறு படித்தோம். மர்யம் அத்தியாயத்தை மனப்பாடமாகப் படித்தோம். கட்டுரை எழுதினோம், அந்தக் கட்டுரைக்கு மறுப்புக் கட்டுரை எழுதினோம், அந்த மறுப்புக்கு அடிக்குறிப்பு எழுதினோம். அறிவு வளர்ந்தது, அலமாரி நிறைந்தது, அண்டை வீட்டாரை அறிந்தோமா?

அதுதான் இரண்டாவது. பாரீசில் அச்சான புத்தகத்தைக் கேட்டோம். முல்லா வீதியில் மூச்சுவிடும் மனிதரைக் கேட்டோமா? சொல்லவே சலிப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அதோ, முன்வரிசையில் தஸ்தகீர் பாய். முல்லா வீதிக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வட்டம் தொடங்கிய நாள்முதல் வருபவர். போன ரமலான் மாதத்தில் ஒரு வியாழன், அன்றைய கட்டுரையின் தலைப்பு 'நோன்பு'. ஊசி போட்டுக்கொண்டால் நோன்பு முறியுமா, முறியாதா? அருள்தந்தை முறியாது என்றார். பள்ளியில் பிரெஞ்சு கற்பித்த நண்பர் முசே அந்துவான் முறியும் என்றார். நான் நடுவில் அமர்ந்து அகராதி புரட்டினேன். தேநீர் வந்தது. முசே அந்துவான் அன்பு மிகுந்து ஒரு குவளையைத் தஸ்தகீர் பாய் கையில் திணித்து, "குடிங்க பாய், இஞ்சி போட்டது" என்றார்!

பாய் மறுக்கவில்லை; குவளையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆறிப்போச்சே பாய், வேற கொண்டாரச் சொல்லட்டா?"

"பரவால்ல முசே. ஆறினாத்தான் எனக்குக் குடிக்க வரும்."

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார். நோன்பை ஆராய்ந்த நமக்கு, எதிரே நோன்பிருந்தவர் கண்ணில் படவில்லை! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது, முதலில் என்மீதே.

ஆனால் குற்றம் நம்முடையது மட்டும்தானா? மூன்றாவதற்கு வருகிறேன். நான் சொல்வது பிழையாகவும் இருக்கலாம். ஆயினும் கேட்கிறேன்: இத்தனை ஆண்டுகளில் தஸ்தகீர் பாய் நம்மை எதைக் கேட்டார்? இயேசுவைப் பற்றிக் கேட்டாரா? சிலுவையைப் பற்றிக் கேட்டாரா? தேநீர் வந்ததும் எழுந்துவிடுவார். 'இனி கேள்வி நேரம்' என்று நான் அறிவிக்கும்போது அவர் நாற்காலி காலி! அக்கறை இருந்தால் அமர்ந்திருக்க மாட்டாரா?

என்ன பாய், எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்...

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. பாய் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன்: "கேள்வி நேரத்த டீக்கு அப்புறம்னு வச்சது யாரு சார்? நீங்க டீ குடிக்கிற நேரம் எங்களுக்கு மக்ரிப், அந்தித் தொழுகை. தொழுதுட்டு ஓட்டமா ஓடியாறேன். வந்து பாத்தா நன்றியுரை முடிஞ்சு நாற்காலிய மடிக்கிறாங்க. யாரக் கேக்கறது, நாற்காலியவா?"

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். தொழுகை நேரங்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியவன் நான்! நிகழ்ச்சி நிரல் எழுதியவனும் நான்!

ஏன் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"சொன்னா நிரல மாத்தணுமேன்னு உங்களுக்குத் தூக்கம் போயிடும் சார்."

சரி. கேட்க நினைத்தது என்ன? இப்போதாவது சொல்லுங்கள்.

அவையோரே, பாயின் கேள்வி இது: "நீங்க ஆண்டவனத் தகப்பனேன்னு கூப்புடுறீங்களே, அப்படிக் கூப்புடும்போது பயமா இருக்காதா சார்?"

என்னிடம் இதற்கு அடிக்குறிப்பு இல்லை. நாள்தோறும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பயப்படுகிறேனா, பழகிவிட்டேனா? யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. பதிலைத் தேடுவதானால் அலமாரியில் தேடிப் பயனில்லை. நெஞ்சில்தான் தேட வேண்டும். ஒரு நூல் என்னைக் கேட்காததை ஒரு நண்பர் கேட்டுவிட்டார். இதற்காகத்தானே கூடினோம்? இதற்காகத்தானே படித்தோம்? இதையா மூடப்போகிறோம்? முதல் கேள்வி பிறந்த மாலையிலா மூடப்போகிறோம்?

இதோ, பாங்கு. போய்வாருங்கள் பாய். என் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். ஆனாலும் நீங்கள் வந்த பிறகுதான் சொல்வேன்.

அம்மையார் அவர்களே, அவர் திரும்பும்வரை தீர்மானத்தை எடுக்காதீர்கள். தலையசைக்கிறீர்கள், நன்றி. நான்காவது குறிப்பு அவ்வளவுதான். சக்கரபாணி, யாரும் நாற்காலியை மடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர் ஆறினால் ஆறட்டும்.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. தொழப் போகிறவர்களுக்குச் சலாம். காத்திருக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்.

என் மூன்றாவது குறிப்பு தவறு.